தாலி கட்டியவர்: ராமக்காள்

சிலோனுக்குப் போகும் வழியைப் பூட்டப் போகிறார்கள் என்ற பேச்சை ஆபீசுக்கு முதலில் கொண்டுவந்தவர் பியூன் காசிமாயன். அவருக்குச் சொன்னது ரயிலடியில் கொய்யாப்பழம் விற்கிறவள். அவளுக்குச் சொன்னது ராமேசுவரம் வண்டியிலிருந்து இறங்கிய, தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகும் ஒரு கங்காணி. கங்காணிக்கு யார் சொன்னது என்று கேட்டால், "அது அவளுக்கே தெரியலைங்கய்யா" என்றார் காசிமாயன்.

"நாடு என்னய்யா, நெல்லுக் குதிரா பூட்டி வைக்கிறதுக்கு?" என்றார் கிளார்க் சொக்கநாதன் பிள்ளை, எழுதுவதை நிறுத்தாமல்.

"நம்ம சர்க்காரே பூட்டுதாம்யா. அங்கன உள்ளவுக நம்ம ஆளுகள வேலைய விட்டுத் தூக்குறாகளாம். இவுகளுக்குக் கோவம் வந்திருச்சு. இனிமே கூலி வேலைக்குன்னு ஒரு ஆளு கப்பலேறப்படாதாம். ஆடி பாதியோட சரியாம்."

பிள்ளையின் பேனா நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம், ஆனி மாதக் கடைசி. மேசையின் இடது ஓரத்தில் 'ஆவணிக்கு மேல்' என்று அவரே எழுதிவைத்த ஒரு மெல்லிய கட்டு இருந்தது. அதில் முதல் காகிதம், மஞ்சப்பாறைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் வீரணன் என்பவன் தன் மனைவி தங்கப்பொண்ணைக் கம்பெனி செலவில் அனுப்பிவைக்கும்படி கேட்டு எழுதியது.

"கொய்யாப்பழக்காரி சொன்னதையெல்லாம் நம்பி ஆபீஸ் நடத்த முடியுமா?" என்றார் பிள்ளை. சொல்லிவிட்டு அந்தக் கட்டை எடுத்து வலது ஓரத்தில் வைத்துக்கொண்டார்.

சிலோனில் தேயிலைத் தோட்டங்கள் வைத்திருந்த டார்ன்லி கம்பெனிக்கு மதுரையில் ஆள் சேர்க்கும் கிளை தல்லாகுளத்தில் ஒரு மச்சு வீட்டில் இருந்தது. கீழே ஆட்கள் வந்து உட்காரும் கூடம். மேலே ஏஜண்டு துரையின் அறை. துரையின் அறையில் ஒரு டெலிபோன் உண்டு. கூடத்தில் பிள்ளையின் மேசை. அந்த மேசைக்கு அவர் வந்து இருபது வருஷமாகிறது. அவர் கையால் எழுதிய காகிதத்தோடு கடல் தாண்டியவர்கள் பதினோராயிரம் பேருக்குக் குறையாது. அவர் மட்டும் தாண்டியதில்லை. ஒரு தடவை ராமேசுவரம் போனார். அலையைப் பார்த்தார், தாம் அனுப்பிய ஆட்களை நினைத்தார், அடுத்த வண்டியில் பழங்காநத்தத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

கங்காணிகள் அவருக்கு வைத்த பெயர் 'படிச்சுக்காட்டும் பிள்ளை'. கம்பெனியின் வேலை விதிகள் இங்கிலீஷில் நாலு பக்கம். அதைத் தமிழில் சொல்லி, 'விளங்கச் சொல்லப்பட்டது' என்று எழுதி, கைரேகை வாங்க வேண்டும். மற்ற கம்பெனிகளில் இதைக் கால் நிமிஷத்தில் முடிப்பார்கள். பிள்ளை ஆள் ஒன்றுக்கு அரை மணி எடுப்பார். வேலை வாரத்தில் ஆறு நாள். பெண்ணாளுக்குச் சம்பளம் ஆணாளைவிடக் குறைவு. மாதம் முடிந்து பத்து நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும், வராவிட்டால் கேட்கலாம். அரிசிக்கு இன்ன விலைக்குமேல் பிடிக்கக் கூடாது. வேலையை விடுவதென்றால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்வார், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். கங்காணிகள் வெளியே பீடி குடித்தபடி, "பிள்ளை படிச்சு முடிக்கிறதுக்குள்ள தேயிலை பூத்துக் காய்ச்சிரும்" என்று முணுமுணுப்பார்கள்.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்கு வந்த புதிதில் மலையம்மாள் என்று ஒருத்தி. எல்லாம் முடிந்து ரேகை வைத்த பிறகு, விரலின் மையைத் தலையில் துடைத்துக்கொண்டே, "பொழுது சாயறதுக்குள்ள திரும்பிறலாமாய்யா? பால்குடிப் புள்ளைய விட்டுட்டு வந்திருக்கேன்" என்று கேட்டாள். இராமநாதபுரத்துக்கு அந்தப் பக்கம் சிலோன் என்று ஒரு ஊர் இருப்பதாக யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். பிள்ளை அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார். அன்றைக்கு அவள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போயிருந்தால்? இந்த எண்ணம் இருபது வருஷமாக அவரை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து காகிதத்தில் ஒரு எழுத்துப் பொய்யாக எழுதுவதில்லை, ஒரு வரி படிக்காமல் விடுவதில்லை.

கொய்யாப்பழக்காரியின் பேச்சு நாலாம் நாள் சர்க்குலராக வந்தது. ஆகஸ்டு ஒன்றாம் தேதி முதல் கூலி வேலைக்கு ஆள் போகத் தடை. நோய் உண்டா என்று பார்க்க மண்டபம் முகாமில் ஆறு நாள் வைத்திருந்த பிறகுதான் கப்பல் என்பதால், மதுரையிலிருந்து கடைசிக் கோஷ்டி ஜூலை இருபத்துமூன்றாம் தேதி புறப்பட வேண்டும். அங்கிருந்து லீவில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போக முடியுமா, முடியாதா என்பதற்குச் சர்க்குலரில் பதில் இல்லை.

பிள்ளை காசிமாயனைக் கூப்பிட்டார். "செக்கானூரணிக்கு மேற்கேதானே அந்தப் பொண்ணு ஊர்? உமக்கும் அந்தப் பக்கந்தானே. நாளைக்கே போய்க் கூட்டிட்டு வாரும்."

தங்கப்பொண்ணு தன் நாத்தனாரோடு வந்தாள். நாத்தனார் ராமக்காள் கூடத்துக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"ஆடி பொறக்கப் போகுது. ஆடியில எந்த ஊர்லய்யா புதுப் பொண்ண மாப்பிள்ளைகிட்ட அனுப்புறாக? ஊரு சிரிக்காது? ஆவணியில அனுப்புறேன்னு தம்பிக்கு எழுதிப் போட்டாச்சு."

"ஆவணியில அனுப்பணும்னா நீந்தித்தான் போகணும், தாயி" என்றார் காசிமாயன்.

"நீ என்னண்ணே, கடல நீயே பூட்டிச் சாவிய மடியில வச்சிருக்க மாதிரிப் பேசுற?"

பிள்ளை சர்க்குலரைப் படித்துக் காட்டினார். ராமக்காள் வாயைத் திறக்காமல் முழுக்கக் கேட்டாள். முடிந்ததும் தங்கப்பொண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, ஆடியிலயே போறியா?"

தங்கப்பொண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். "நீங்க சொன்னாப் போறேன் மதினி" என்றாள். சொன்ன வேகத்தைப் பார்த்து ராமக்காளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியாண்ணே, நான் சொன்னாத்தான் போவாளாம்! கால் ரெண்டும் வீட்ல இருந்தே கடலைப் பாக்கத்தான் நடந்துச்சு."

பிள்ளை படிவத்தை விரித்தார். பெயர், ஊர், வயது, அங்க அடையாளம். ஒரு தனிப் பெண்ணைக் கம்பெனி செலவில் அனுப்பக் கூடாது. மனைவி என்றால் அனுப்பலாம். அவளுக்காகத் தோட்டத்தில் ஒரு அறையும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அறை இந்த ஆனியில்தான் கிடைத்தது என்று வீரணன் எழுதியிருந்தான். பதினோராவது கேள்வி, விவாகம் எப்போது, எங்கே, யாரால்.

"கல்யாணம் எப்பம்மா நடந்தது?"

"தையிலய்யா."

"வீரணன் நாலு வருஷமா ஊருக்கே வரலைன்னு இங்க இருக்கே. யாரும்மா தாலி கட்டினது?"

தங்கப்பொண்ணு நாத்தனாரைப் பார்த்தாள். ராமக்காள் நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள், "நாந்தேன்."

அவர்கள் பக்கத்தில் அது வழக்கம். மாப்பிள்ளையின் அக்காளோ தங்கச்சியோதான் சீரைச் சுமந்துகொண்டு பெண் வீட்டுக்குப் போய்த் தாலி கட்டிக் கூட்டி வருவாள். மாப்பிள்ளை உள்ளூரில் இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருப்பான். வீரணன் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்தில் நின்ற காசிமாயனுக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. பிள்ளைக்கும் தோன்றவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். சொன்னதை அவர் எழுதினார். 'தாலி கட்டியவர்: ராமக்காள், கணவனின் உடன்பிறந்தவள். அச்சமயம் கணவன் சிலோனில் வேலையில்.'

விதிகளை வழக்கம்போல முழுக்கப் படித்துக் காட்டினார். தங்கப்பொண்ணு கவனமாகக் கேட்டாள். கடைசியில், "விளங்காதது ஏதாவது உண்டாம்மா?" என்றார்.

"அங்க பனி எம்புட்டு விழும்யா? மொச்ச முளைக்குமா?"

இருபது வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. அவள் முந்தானை முனையில் ஒரு முடிச்சு இருந்தது. பிரித்து, உள்ளங்கையில் கொட்டிக் காட்டினாள். ஒரு பிடி மொச்சை விதை. "அதுக்குச் சின்ன வயசுலயே மொச்சன்னா உசுரு. எங்க வீட்டுப் பொழக்கடையிலதான் வந்து திருடும்."

"அது யாரு?" என்றார் பிள்ளை.

ராமக்காள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அவ புருசந்தேன்யா."

பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. "முளைக்கும்மா. வெயில் படற பக்கமாப் போட்டாக் கட்டாயம் முளைக்கும்" என்றார். எழுதாத இடத்தில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். மலைக் குளிரில் மொச்சை முளைக்குமா என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

காகிதம் கம்பெனியின் மேலாபீசுக்குப் போயிற்று. ஜூலை இருபதாம் தேதி திரும்பி வந்தது. பதினோராவது கேள்விக்கு எதிரே சிவப்பு மையில் இங்கிலீஷில் இரண்டு வரி. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டியதை விவாகமாகக் கொள்வதற்கில்லை. இவள் துணையற்ற தனிப் பெண், அனுப்ப வேண்டாம்.

பிள்ளை அதை மூன்று முறை படித்தார். 'வீரணன்' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் இந்தக் காகிதம் திரும்பி வந்திருக்காது. மற்ற எந்தக் கம்பெனிக் கிளார்க்கும் கேள்வியே கேட்காமல் அதைத்தான் எழுதியிருப்பான். தன் சுத்தத்தால் ஒரு பெண்ணின் கப்பலைக் கவிழ்த்துவிட்டோம் என்று நினைத்தார். கோஷ்டி கிளம்ப மூன்று நாள் இருந்தது.

மறுநாள் காலையில் இருவரும் மூட்டையோடு வந்து நின்றார்கள். சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னார்.

ராமக்காள் இடுப்பில் கையை வைத்தாள். "ஏய்யா, நான் கட்டின தாலி செல்லாதுன்னா, பிறகு எவன் கட்டினாச் செல்லும்? உங்க தொர வந்து கட்டுவாரா? எங்க ஆத்தாளுக்கு எங்க அத்த கட்டுச்சு. எங்க அத்தைக்கு அது நாத்தனா கட்டுச்சு. அம்புட்டுப் பேரும் தாலியில்லாமத்தான் புள்ள பெத்தாகளா? இந்தா நிக்கிற காசிமாயண்ணன் பொண்டாட்டிக்கு யாரு கட்டினது, கேளுங்க!"

"எங்கக்காதான்யா" என்றார் காசிமாயன், குற்றவாளியைப் போல.

"இந்தா! அப்ப இவரும் கலியாணம் ஆகாத எளந்தாரி. பொண்ணுப் பாக்கச் சொல்லுங்க உங்க ஆபீஸ!"

கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். தங்கப்பொண்ணு சிரிக்கவில்லை. மூட்டையைக் கீழே வைக்காமல் நின்றபடியே மெல்லக் கேட்டாள்.

"அப்பத் தையிலேருந்து நான் யாருய்யா?"

பிள்ளை காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார். "நாளைக்கு வாங்கம்மா" என்றார். "பழங்காநத்தத்துல எங்க வீட்டுப் பக்கத்துச் சத்திரத்துல தங்கிக்குங்க. காசிமாயன் கூட்டிட்டுப் போவார்."

அன்று மாலை சைக்கிளில் வைகைப் பாலத்தைக் கடந்தபோது எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் இரண்டு தடவை அதட்டிய பிறகுதான் அவருக்குக் காதில் விழுந்தது. வீட்டில் மனைவி நாகலக்ஷ்மி இலையைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"தொர திட்டினாரா?"

"துரை எங்கே இருக்காரு திட்டறதுக்கு? கொடைக்கானல் போய்ப் பத்து நாளாச்சு." பிறகு நடந்ததெல்லாம் சொன்னார்.

நாகலக்ஷ்மி கையில் குழம்புக் கரண்டியோடு நின்று கேட்டாள். கடைசியில் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "நம்ம கல்யாணத்துல எத்தன முடிச்சு?"

"மூணு. எல்லாருக்கும் மூணுதான்."

"நீங்க எத்தன போட்டீங்க?"

பிள்ளை யோசித்தார். கல்யாண மேளத்தில் முதல் முடிச்சு அவர் போட்டதும், பின்னாலிருந்து அவர் அக்காள் கையை நீட்டி மற்ற இரண்டையும் இறுக்கியதும் ஞாபகம் வந்தது.

"ஒண்ணு."

"அப்ப மூணுல ஒரு பங்குதான் நான் உங்க பொண்டாட்டி. மிச்சம் ரெண்டு பங்குக்கு உங்க அக்கா வீட்லதான் போய்ச் சோறு பொங்கணும்." அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். "அந்தச் செவப்பு மை எழுதினவரு வீட்லயும் நாத்தனா முடிச்சு இல்லாமலா இருக்கும்? அவுகளுக்கு ரெண்டு, இவுகளுக்கு மூணு. ஒரு முடிச்சுதானே கூட?"

பிள்ளை சாதத்தைப் பிசைந்தார். "நாகு, வாய்ப் பேச்சுக்குச் சரி. கம்பெனிக்குக் காகிதம் வேணும்."

"காகிதத்துலதானே இருபது வருஷமா உக்காந்திருக்கீங்க? தேடுங்க."

மறுநாள் அவர் ஆபீசைத் திறக்கும் முன்னே போய்விட்டார். தோட்டத்தில் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள், என்ன சம்பளம், என்ன பிடித்தம் என்று எழுதும் பெரிய பேரேட்டுக்குச் செக்ரோல் என்று பெயர். ஊரில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை அனுப்பச் சொன்னவர்களின் பட்டியல் மட்டும் அதிலிருந்து நகலெடுத்து மாதாமாதம் மதுரைக்கு வரும். பிள்ளைதான் மணியார்டர் போடுவார். மஞ்சப்பாறைத் தோட்டத்துப் பட்டியலை எடுத்து, பின்னோக்கிப் புரட்டினார்.

நாலு வருஷமாக ஒரே வரி. வீரணன்; பெறுபவர் ராமக்காள்; உறவு, அக்காள். போன தை மாதத்தில் அந்த வரி அடிக்கப்பட்டு, கீழே புதிதாக ஒன்று. பெறுபவர் தங்கப்பொண்ணு, உறவு, மனைவி. பக்கத்தில் தோட்டத்துத் துரையின் சுருக்கக் கையெழுத்து. பெறுபவரை மாற்றுவதென்றால் பழைய ஆள் சம்மதம் தர வேண்டும் என்பது கம்பெனி விதி. அந்தச் சம்மதமும் கூடவே ஊசியால் குத்தி வைக்கப்பட்டிருந்தது. 'என் தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டபடியால் இனி எனக்கு வேண்டாம், அவன் மனைவிக்கு அனுப்பவும்.' கீழே ராமக்காளின் பெருவிரல் ரேகை.

அந்த ரேகையை வாங்கியவர் அவரேதான். தை மாதத்து ஐம்பது காகிதங்களில் அதுவும் ஒன்றாகக் கடந்து போயிருந்தது. ராமக்காள் புருஷனை இழந்தவள், ஒரு குழி நிலம்கூட இல்லாதவள் என்று காசிமாயன் சொல்லியிருந்தார். தன் கையால் தாலியைக் கட்டிவிட்டு, அதே வாரத்தில் மதுரைக்கு நடந்து வந்து, தனக்கு வந்துகொண்டிருந்த பணத்தை நிறுத்தச் சொல்லி ரேகை வைத்திருக்கிறாள். பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போது வாசற்படியில் பேச்சுக் குரல் கேட்டது. ராமக்காள் தங்கப்பொண்ணோடு வந்துவிட்டாள்.

"ஏம்மா," என்றார் பிள்ளை, "பணத்தை ஏன் மாத்தச் சொன்னே? இன்னும் ரெண்டு மாசம் வாங்கியிருக்கலாமே."

"பொண்டாட்டி வந்த பிறகு அக்காளுக்கு என்னய்யா அங்கன வேலை?" என்றாள் அவள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல. "எனக்குக் கை இருக்கு, ஊரான் காடு இருக்கு, களை வெட்டப் போறேன்."

பிள்ளை மேலாபீசுக்குக் கடிதம் எழுதினார். சம்பளப் பட்டியலில் ஆறு மாதமாக மனைவி என்று ஒப்புக்கொண்டு பணம் அனுப்பிய கம்பெனி, ரயில் சீட்டுக் கொடுக்கும்போது மட்டும் மனைவி இல்லை என்று சொல்ல முடியாது. தை மாதத்து வரியையும் சம்மதக் காகிதத்தையும் நகலெடுத்துச் சேர்த்தார். இங்கிலீஷில் அவர் இவ்வளவு கோபமாக எழுதியது அதுதான் முதல் தடவை. ஆனால் தபால் போய்ப் பதில் வர நாலு நாளாகும். கோஷ்டி நாளைக் காலையில் கிளம்புகிறது.

ஆபீஸ் விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. ஏஜண்டு ஊரில் இல்லாத அவசரத்தில் கிளார்க்கே தன் பொறுப்பில் கையெழுத்திட்டு ஆளை அனுப்பலாம். முகாமில் கம்பெனியின் ஆள் அதை ஒப்புக்கொண்டால் சரி. ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த ஆளைத் திருப்பி அனுப்பும் செலவு கிளார்க்கின் சம்பளத்தில் பிடிக்கப்படும்; அவன் வேலையில் இருப்பது பற்றியும் யோசிக்கப்படும். இந்த விதியை யாரும் பயன்படுத்தி அவர் பார்த்ததில்லை.

அவர் காகிதத்தை மேசையில் வைத்து நேராக்கினார். சிவப்பு மைக்குக் கீழே கறுப்பு மையில் எழுதினார். 'இவள் வீரணனின் மனைவி. சம்பளப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. என் பொறுப்பில் அனுப்புகிறேன்.' 'தாலி கட்டியவர்: ராமக்காள்' என்ற வரியை அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

தங்கப்பொண்ணிடம் அந்தக் கடைசி விதியையும் படித்துக் காட்டினார்; வழக்கம் விடவில்லை. "திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்கம்மா. அதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போகணும்."

"திருப்பி அனுப்பினா உங்களுக்கு என்னய்யா ஆகும்?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகும்னு இப்பப் படிச்சீங்களே" என்றாள் அவள். அவரைவிடக் கவனமாகக் கேட்டிருந்தாள்.

ரயிலடியில் பன்னிரண்டு பேர், ஒரு கங்காணி. காசிமாயன் மூட்டைகளை ஏற்றினார். ராமக்காள் அழவில்லை, திட்டிக்கொண்டே இருந்தாள். "அடியே, கூந்தல விரிச்சுப் போட்டுக்கிட்டுப் பனியில நிக்காத. அவன் சோத்துக்கு மொளகாய அள்ளிக் கொட்டுவான், கொடுக்காத. மொச்சய ஒரேடியாப் போட்டுறாத, பாதிய வை, முளைக்கலைன்னா மறுபடி போடணும்." வண்டி அசைந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நாலு எட்டு ஓடினாள். "திரும்பி வந்துறாத புள்ள" என்றாள். அவளுக்குத் தெரிந்த பெரிய ஆசீர்வாதம் அன்றைக்கு அதுவாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எட்டு நாள். முகாமிலிருந்து தபால் இல்லை, தந்தி இல்லை. மேலாபீசிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டதும் பிள்ளை எழுந்து நிற்பார். "வந்தா நானே கொண்டாந்து தர மாட்டேனா பிள்ளைவாள்" என்று தபால்காரர் சலித்துக்கொண்டார். வீட்டில் நாகலக்ஷ்மி குழம்பில் உப்பு இல்லாததை அவர் கவனிக்கவில்லை என்பதை வைத்தே நிலைமையைத் தெரிந்துகொண்டாள்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி, கடைசி நாள். பகல் பன்னிரண்டு மணிக்கு ராமக்காள் வந்தாள். செக்கானூரணியிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

"சேதி உண்டாய்யா?"

"இல்லம்மா."

"இன்னைக்கோட பூட்டுறாக."

"ஆமா."

அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காசிமாயன் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.  பிறகு மேலே கண்ணைக் காட்டினார்.

"தொர ரூம்புல அது சும்மாதானே கெடக்குதுய்யா."

பிள்ளை டெலிபோனை அதுவரை தொட்டதில்லை. துரை பேசும்போது பக்கத்தில் நின்றதுண்டு, அவ்வளவுதான். மேலாபீஸ் உத்தரவை மீறியது போதாதென்று இதையுமா என்று தயங்கினார். பிறகு வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினார். பின்னால் காசிமாயன், அவருக்குப் பின்னால், யாரும் கூப்பிடாமலே ராமக்காள்.

எக்ஸ்சேஞ்சில் ஒரு குரல் கேட்டது. அவர் நின்றபடியே, "மண்டபம் முகாம், கம்பெனி ஆபீஸ்" என்றார். காத்திருக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் மூவரும் அந்த அறையில் நின்றார்கள். துரையின் நாற்காலியில் உட்கார யாருக்கும் தோன்றவில்லை. மணி அடித்ததும் ராமக்காள் திடுக்கிட்டுச் சுவரோடு ஒண்டினாள்.

"லைன் கிடைச்சாச்சு சார். அங்கே மணி போகுது. இருங்க" என்றது குரல்.

பிள்ளை காதில் அழுத்திப் பிடித்தார். தூரத்தில், கடலோரத்தில், ஒரு மணி விட்டு விட்டு அடித்தது. பத்து முறை எண்ணினார். பிறகு எண்ணுவதை விட்டார்.

"என்னய்யா சொல்றாக?" என்றாள் ராமக்காள்.

"யாரும் எடுக்கலம்மா. மணி மட்டும் அடிக்குது."

"எங்க அடிக்குது?"

"அங்கதான். மண்டபத்துல."

"எல்லாரும் கப்பலடிக்குப் போயிருப்பாக" என்றார் காசிமாயன். "கடைசி நாள்ல, கூட்டம் அம்மிக்கிட்டு நிக்கும்." அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவருக்கே தெரியாததால், அதோடு நிறுத்திக்கொண்டார்.

ராமக்காள் கிட்டே வந்தாள். "அவ இருக்க எடத்துலயா அது அடிக்குது?"

பிள்ளை தலையாட்டினார். கேட்கும் குழலை அவள் பக்கம் நீட்டினார். அவள் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள், தலைகீழாகப் பிடித்தாள், அவர் திருப்பிக் கொடுத்தார். காதில் வைத்ததும் அவள் முகம் மெல்ல மாறியது.

"கேக்குதுய்யா" என்றாள் ரகசியமாக. "அடிக்குது."

"வைச்சிரலாமா, தாயி?" என்றார் காசிமாயன்.

அவள் தலையை அசைத்தாள். "இருண்ணே. யாராச்சும் வருவாக."

பிள்ளை துரையின் மேசை ஓரத்தில் கையை ஊன்றி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.